மூணு சீல் மாத்தியும் நிக்காத கசிவு: ஜிப்ஸி பின் ஆக்சில்

வால்பாறை வண்டிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் இங்கே படிக்க மட்டும்தான் வருவேன். இன்னைக்குப் புலம்ப வந்திருக்கேன்.

வண்டி 2004 மாருதி ஜிப்ஸி கிங். ஆழியார்ல இருந்து மேலே வர்ற 40 கொண்டை ஊசி வளைவு, எஸ்டேட் கல் ரோடு, மழைக்காலத்துல ரெண்டு மூணு ஓடை. இதுதான் அதோட பொழப்பு. ஜூலையில பின் இடது டயரோட உள்பக்கச் சுவர்ல கறுப்பா எண்ணெய் வடிஞ்சிருந்தது. டிரம்மைக் கழட்டினா ரெண்டு பிரேக் ஷூவும் ஊறுகாய் மாதிரி ஊறிக் கிடக்கு. மெக்கானிக் ஆயில் சீல் (ஆயில் வெளியே வராம தடுக்குற ரப்பர் வளையம்) மாத்தினார். அஞ்சு வாரம் ஓடுச்சு, மறுபடி கசிவு. "போட்டது டூப்ளிகேட் சார்"னு சொல்லி அவரே வேற சீல் போட்டார். நாலு வாரம். மூணாவது தடவை நானே பொள்ளாச்சி இறங்கி ஒரிஜினல் சீல் வாங்கிட்டு வந்து குடுத்தேன். பதினெட்டே நாள். இப்போ வலது பக்கமும் ஈரம் தட்டுது.

"ஆக்சிலோட வெளிக்கூடு, அதான் ஹவுசிங்கே வளைஞ்சிருக்கு, முழு ஆக்சிலையே மாத்திடலாம், ஏலத்துல எடுத்த ராணுவ வண்டி ஆக்சில் ஒண்ணு இருக்கு"ன்னு மெக்கானிக் சொல்றார். மாத்திடலாமா? மலை இறங்கும்போது பிரேக் பிடிச்சா வண்டி வலது பக்கமா இழுக்குது. வீட்டுல யாரும் ஏற மாட்டேங்கிறாங்க.

ஏலக்காய் ஜீப் (தேனி):

140 நம்பர் கிரவுன் ஆயில் (ஆக்சில் கியருக்கு ஊத்துற ஆயில்) ஊத்துங்க அண்ணே. கெட்டியா இருக்கும், கசியாது. எங்க ஊர்ல போடிமெட்டு ஏறுற ஜீப் பாதிக்கு அதுதான்.

புது ஓனர், திருச்சி:

பாஸ், அது கிரவுன் ஆயில்தான்னு எப்படிச் சொல்றீங்க? எனக்கும் ஒரு பக்கம் ஈரமா இருக்கு. பிரேக் ஆயிலா இருந்தா?

பட்டறை வாத்தியார்:

ராணுவப் பட்டறையில இருபத்தியேழு வருஷம் இருந்தவன். ஜிப்ஸி எனக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி. ராணுவத்துக்கு முதல் வண்டி வந்ததுக்கு அப்புறம் நாங்க அதைக் கழட்டி மாட்டாத நாள் கிடையாது.

முதல்ல திருச்சிக்காரருக்கு. விரல்ல தொட்டு மோந்து பாருங்க. கிரவுன் ஆயில்ல கந்தக நாத்தம் அடிக்கும், ஒருக்கா மோந்தா ஆயுசுக்கும் மறக்காது. வழவழன்னு கெட்டியா இருக்கும், தண்ணி ஊத்தினா உருண்டு ஓடும். பிரேக் ஆயில் நீர்த்து இருக்கும், தண்ணியில கரைஞ்சு போயிடும், பெயிண்ட் மேலே பட்டா உரிச்சிடும். பிரேக் ஆயில்னா உங்க பிரச்சினை வீல் சிலிண்டர், அதாவது டிரம்முக்குள்ளே பிரேக் ஷூவைத் தள்ளுற சின்ன சிலிண்டர். ஆக்சில் பக்கமே போக வேண்டாம். பிரேக் ஆயில் டப்பாவுல மட்டம் குறையுதான்னும் ஒரு பார்வை பாருங்க.

தேனி தம்பி கோவிச்சுக்கக் கூடாது. 140 போட்டா பத்து நாள் கசிவு தெரியாது, அவ்வளவுதான். காலைக் குளிர்ல மலையேறும்போது கெட்டி ஆயில் பேரிங்குக்கும் கியர் பல்லுக்கும் போய்ச் சேர நேரம் பிடிக்கும். ஓட்டைப் பானைக்குக் கெட்டிக் குழம்பு ஊத்துற வைத்தியம் அது.

இப்போ வால்பாறைக்கு. ஆக்சிலை இப்போதைக்குத் தொடாதீங்க. நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. ரெண்டு பக்கச் சக்கரமும் தவிர, நடுவுல புரொபெல்லர் ஷாஃப்ட் வந்து சேர்ற இடத்துல, அதாவது பினியன் சீல்லயும் ஈரம் இருக்கா? நல்லா ஓடி வந்து சூடா இருக்கும்போது லெவல் பிளக்கை, அதாவது ஆயில் மட்டம் பார்க்குற மூடியை யாராவது கழட்டினீங்களா, அப்போ ஏதாவது சத்தம் வந்துதா? கழட்டின பழைய சீல்களைத் தூக்கிப் போட்டாச்சா, இருக்கா? ஜூலைக்கு முன்னாடி வண்டிக்கு என்ன வேலை பார்த்தீங்க? ஆக்சில்னு இல்லை, எந்த வேலையா இருந்தாலும் சொல்லுங்க.

கோவை லேத்:

வாத்தியார் கேள்வி கேக்க ஆரம்பிச்சாலே பாதி வண்டி சரியாயிடும். நாற்காலி போட்டு உக்காந்தாச்சு.

வால்பாறை வண்டிக்காரன்:

சார், மதியம் அடியில படுத்துப் பார்த்தேன். பினியன் பக்கமும் ஈரம் இருக்கு. சொட்டலை, தூசி ஒட்டிப் பிசுபிசுன்னு இருக்கு.

சத்தம்னு கேட்டீங்களே, அது வந்துது! மூணாவது தடவை ஆயில் மட்டம் பார்க்கப் பிளக்கைத் திருகினப்போ சோடா பாட்டில் திறந்த மாதிரி "புஸ்ஸ்"னு சத்தம். மெக்கானிக்கும் நானும் சிரிச்சுட்டு விட்டுட்டோம்.

பழைய சீல் ரெண்டு டப்பாவுல இருக்கு, மூணாவது இன்னும் வண்டியில.

ஜூலைக்கு முன்னாடி பெருசா ஒண்ணும் பண்ணலை. மழை வருதேன்னு அடிப்பக்கம் முழுக்கத் துரு பிடிக்காம கறுப்புக் கோட்டிங் அடிச்சேன். மே கடைசி.

பட்டறை வாத்தியார்:

அந்தக் கோட்டிங்தான் ஆள்.

பின் ஆக்சில் ஹவுசிங் மேலே தடவிப் பாருங்க, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்னத் தொப்பி இருக்கும். அதுதான் பிரீதர், ஆக்சிலோட மூக்கு. அது மேலே கறுப்புக் கோட்டிங் படிஞ்சு அடைச்சிருக்கும். தொப்பி கையால சுத்துதான்னு பாருங்க. சுத்தலைன்னா அதேதான்.

என்ன நடக்குதுன்னா, காலையில 25 டிகிரியில வண்டி எடுக்குறீங்க. மலையேறி முடிச்சா உள்ளே ஆயில் 80, 90 டிகிரிக்குப் போகும். உள்ளே இருக்குற காத்து விரிய இடம் வேணும். மூக்கு திறந்திருந்தா வெளியே போயிடும். அடைச்சிருந்தா அழுத்தம் ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு கூடும். கேக்கக் கொஞ்சம்தான். ஆனா சீல் உதடுங்கிறது ஆயில் வழியாம தடுக்க வச்சது. காத்தழுத்தத்தைத் தாங்க வச்சது இல்லை. மெல்லிசு ரப்பர், பின்னாடி ஒரு சுருள் ஸ்பிரிங் அணைச்சுப் பிடிச்சிருக்கும். அழுத்தம் அந்த உதட்டைத் தூக்கிட்டு ஆயிலோட வெளியே வரும். மூணு இடமும் ஒரே நேரத்துல ஈரமாச்சுன்னா மூணு சீலும் சேர்ந்து கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் இல்லை. உள்ளே ஒரே ஆள் தள்ளுறான்னு அர்த்தம்.

இதைவிடப் பெரிய கொடுமை இறங்கும்போது. சூடா இருக்குற ஆக்சிலை ஓடைத் தண்ணியில இறக்குறீங்களா, உள்ளே காத்து சட்டுன்னு சுருங்கும். மூக்கு வழியா இழுக்க முடியாததால சீல் வழியா தண்ணியை உறிஞ்சும். ஆயிலை ஒரு பாட்டில்ல பிடிச்சுப் பாருங்க. பால் காபி நிறத்துல இருந்தா முழுசா மாத்தியே ஆகணும்.

மன்னார் காற்று:

வாத்தியார் சொல்லுறது நூறு வீதம் சரி. நான் வைச்சிருக்கிறது பழைய லாண்ட் றோவர் டிஃபென்டர் 110. வன்னிக் குளக்கட்டுகளுக்குள்ளதான் ஓட்டம். எனக்கும் ஒருக்கா இதே கரைச்சல் வந்தது. ஒரு நல்ல மெக்கானிக் அண்ணை பிறீதருக்கு ஒரு ரப்பர் குழாய் பூட்டி, வண்டியின்ர பொடிக்குக் (body) கீழ உயரத்தில கட்டி விட்டார். அதுக்குப் பிறகு வெள்ளத்துக்குள்ள இறக்கினாலும் பிரச்சினை இல்லை.

ஆனா ஜிப்ஸி ஆக்சிலும் என்ர ஆக்சிலும் வேற. எனக்கு சக்கரத்தின்ர பாரத்தை ஹப்பும் ரெண்டு பேரிங்கும் தாங்கும். அஞ்சு போல்ட்டைக் கழட்டினால், ரயர் நிலத்தில நிக்கவே ஆக்சில் ஷாஃப்டை வெளியால இழுக்கலாம். உங்கட வண்டியில ஷாஃப்டே பாரத்தையும் தாங்குது எண்டு கேள்விப்பட்டன். சரியோ?

பட்டறை வாத்தியார்:

சரியாச் சொன்னீங்க. உங்களுது முழு மிதவை, ஜிப்ஸி அரை மிதவை. ஜிப்ஸியில ஷாஃப்ட் ஒரு நுனியில சக்கரத்தையே தாங்கி நிக்குது. அதனால பேரிங்கையும் அதைப் பிடிச்சு நிறுத்துற ரிடெய்னர் வளையத்தையும் விளையாட்டா எடுத்துக்க முடியாது. வளையம் நழுவினா ஷாஃப்டும் சக்கரமும் சேர்ந்து வெளியே வரும். ஓடிட்டு இருக்கும்போது. ஒரு தடவை கண்ணால பார்த்திருக்கேன், போதும்.

வால்பாறை வண்டிக்காரன்:

சார், காலைத் தொட்டுக் கும்பிடணும் உங்களை. பிரீதர் தொப்பி கல்லு மாதிரி இருந்தது. டீசல்ல ஊற வச்சுக் கத்தியால சுரண்டினதும் சுத்துது. ஒரு ரவுண்டு கவர்க்கல் வரை போய்ட்டு வந்து, சூட்டோட பிளக்கைத் திருகினேன். சத்தமே இல்லை! ஆயில் பால் காபிதான், வடிச்சுட்டுப் புதுசு ஊத்திட்டேன்.

வலது பக்கம் துடைச்சு விட்டு மூணு நாளாச்சு, காய்ஞ்சிருக்கு. பினியனும் காய்ஞ்சிருக்கு. ஆனா இடது பக்கம் மட்டும் இன்னும் வருது. அதான் புரியலை.

கோவை லேத்:

இடது பக்கம் நிக்கும்னு எதிர்பார்க்காதீங்க. அந்தச் சீலை ஏற்கெனவே மூணு தடவை கழட்டி மாட்டியிருக்கு. ஒவ்வொரு தடவையும் எதையாவது கெடுத்திருப்பாங்க. டப்பாவுல இருக்குற பழைய சீலோட உதட்டை வெயில்ல வச்சு, சுத்தி வர விரல்ல தடவிப் பாருங்க.

வால்பாறை வண்டிக்காரன்:

பார்த்தேன். ரெண்டாவது சீல்ல ஒரே இடத்துல மட்டும் பிளேடால கீறின மாதிரி வெட்டு. அப்புறம் உதட்டோட ஒரு பாதி நல்லாத் தேய்ஞ்சு அகலமா இருக்கு, எதிர்ப் பாதி புதுசு மாதிரி இருக்கு.

பட்டறை வாத்தியார்:

ரெண்டு தடயமும் தெளிவா இருக்கு. கீறல், ஷாஃப்டை உள்ளே விடும்போது நுனியில இருக்குற ஸ்பிளைன் பல்லு இழுத்தது. ஷாஃப்டோட எடையைச் சீல் மேலேயே சாய்ச்சு, சரசரன்னு இழுத்து விட்டிருப்பாங்க. அரைவட்டத் தேய்மானம், ஷாஃப்ட் நடுவுல சுத்தாம ஆடிக்கிட்டே சுத்துதுன்னு அர்த்தம். பேரிங் ஆட்டம். சக்கரத்தை ஜாக்கியில தூக்கி, மேலேயும் கீழேயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. பேரிங் போயிருந்தா தங்கத்துல சீல் செஞ்சு போட்டாலும் ஒரு மாசம்தான்.

உங்க மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். கசியுதுன்னு சொல்லி வண்டி வந்தா எல்லாரும் சீலைத்தான் மாத்துவாங்க, நானும் சின்ன வயசுல அதைத்தான் பண்ணேன்.

ஏலக்காய் ஜீப் (தேனி):

வாத்தியாரே, 140க்குத் திட்டு வாங்கிட்டேன், பரவாயில்லை. எனக்கும் ஒரு சந்தேகம். என் பழைய டீசல் ஜீப்புல சீல் உதடு ஓடுற இடத்துல ஷாஃப்ட்லயே சுத்தி ஒரு பள்ளம் விழுந்திருக்கு. நகம் மாட்டுது. எங்க ஊர் பட்டறையில அங்கே வெல்டிங் வச்சு நிரப்பிக் கடைஞ்சு தர்றேன்னு சொல்றாங்க. பண்ணலாமா?

கோவை லேத்:

வேண்டவே வேண்டாம். லேத் வச்சுப் பொழைக்கிறவனே சொல்றேன். ஷாஃப்ட் பதம் வச்ச இரும்பு. வெல்டிங் சூடு பட்ட இடத்துல பதம் போயிடும், ஓரத்துல நொறுங்குற மாதிரி ஆயிடும். எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்திட்டுப் போற வண்டி, முறிஞ்சா அங்கேதான் முறியும்.

நகம் லேசா மாட்டுற பள்ளம்னா முதல்ல காசில்லாத வைத்தியம் பாருங்க. புதுச் சீலைப் பழைய இடத்துல இருந்து ரெண்டு மில்லிமீட்டர் முன்னேயோ பின்னேயோ நிறுத்தினா, உதடு தேயாத இடத்துல ஓடும். ஹவுசிங்ல அதுக்கு இடம் இருக்கணும், பேரிங் மேலேயும் முட்டக் கூடாது. ஆழமான பள்ளம்னா எஸ்.கே.எஃப். கம்பெனியோட ஸ்பீடி ஸ்லீவ்னு ஒண்ணு வருது. கால் மில்லிமீட்டர் சொச்சம் கனம் உள்ள எஃகுத் தோல், மோதிரம் மாதிரி மேலே ஏத்தி விடணும். கனம் கம்மிங்கிறதால பழைய அளவு சீலே சேரும். வெர்னியர்ல அளந்து அதுக்கேத்த ஸ்லீவ் வாங்குங்க, கடைக்காரர் கண்ணளவுல குடுத்தா வாங்காதீங்க.

சில வண்டியில உதடு ஷாஃப்ட் மேலே ஓடாது, ரிடெய்னர் வளையத்து மேலே ஓடும். அப்படின்னா இன்னும் நல்லது, வளையத்தை மாத்தினாலே புதுத் தளம் கிடைச்சிடும்.

வால்பாறை வண்டிக்காரன்:

ஆட்டிப் பார்த்தேன் சார். இடது பக்கம் "டக் டக்"னு ஆட்டம் கைக்கே தெரியுது. வலது பக்கம் கல்லு மாதிரி இருக்கு. பேரிங், ரிடெய்னர் வளையம், சீல், ரெண்டு பக்கத்துக்கும் பிரேக் ஷூ எல்லாம் வாங்கியாச்சு. ஞாயித்துக்கிழமை நானும் மச்சானும் சேர்ந்து பண்ணலாம்னு இருக்கோம். பேரிங் பிரஸ் பண்றதுக்கு மட்டும் பொள்ளாச்சி. எப்படிப் போகணும்னு கொஞ்சம் சொல்லுங்க.

பட்டறை வாத்தியார்:

நல்லது. சமதளத்துல நிறுத்தி முன் சக்கரத்துக்குக் கட்டை வைங்க. ஜாக்கியை நம்பி அடியில போகாதீங்க, ஸ்டாண்டு போடுங்க. இடது பக்கத்தைக் கொஞ்சம் உசரமா வச்சா மிச்ச ஆயில் வலது பக்கம் போயிடும், மேலே கொட்டாது.

டிரம் வரலைன்னா சுத்தியல் எடுக்காதீங்க. டிரம் முகத்துல மரை போட்ட ரெண்டு ஓட்டை இருக்கும். 8 மில்லிமீட்டர் போல்ட் ரெண்டை மாத்தி மாத்தி முடுக்கினா தானா வெளியே வரும். உள்ளே இருக்குற தூசியை வாயால ஊதக் கூடாது, காத்தும் அடிக்கக் கூடாது. பழைய ஷூவுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணி போதும்.

பிரேக் பைப்பைக் கழட்டி முனையை அடைச்சிடுங்க. ஹேண்ட் பிரேக் கேபிள் உங்க வண்டியில டிரம்முக்குள்ளே வந்தா அதையும் விடுவிக்கணும். பேக் பிளேட்டை ஹவுசிங்கோட பிடிச்சிருக்கிற நாலு நட்டைக் கழட்டினா, ஷாஃப்ட், பேரிங், பேக் பிளேட் மூணும் ஒண்ணா வரும். வராம அடம் பிடிக்கும். அதுக்குத் தனி இழுவைச் சுத்தியல் இருக்கு. இல்லைன்னா டிரம்மைத் திருப்பி மாட்டி, நட்டை ரெண்டு மூணு மரை மட்டும் பிடிக்க விட்டு, டிரம்மையே வெளிப்பக்கமா வெடுக் வெடுக்குன்னு இழுங்க. மச்சான் பலசாலியா இருந்தா நாலு இழுப்பு.

பழைய சீலைக் கழட்டுறதுக்கு முன்னாடி அது எவ்வளவு ஆழத்துல உக்காந்திருக்குன்னு அளந்து எழுதுங்க. இதை யாரும் பண்றது இல்லை. நெம்பும்போது ஹவுசிங் சுவர்ல கீறல் விழக் கூடாது, விழுந்தா சீலோட வெளிச்சுத்து வழியாவே கசியும்.

ரிடெய்னர் வளையத்தைக் கிரைண்டர்ல முக்கால் வாசி வெட்டி, உளி வச்சு ஒரு தட்டு தட்டினா பிளந்துக்கும். முழுசா வெட்டப் போய் ஷாஃப்டைத் தொட்டுடாதீங்க. பழைய வளையத்தை மறுபடி போடுறேன்னு பிரஸ்காரர் சொன்னா எழுந்து வந்துடுங்க. அவர் பேரிங்கை கேஸ் வெல்டிங்ல சூடாக்கினாலும் அதேதான்.

புதுச் சீல்ல ஸ்பிரிங் தெரியுற பக்கம் உள்ளே, ஆயில் இருக்குற பக்கம். உதட்டுல கிரீஸ் தடவுங்க. பழைய பேரிங்கோட வெளி வளையத்தை மேலே வச்சு, சுத்தி வரத் தட்டி நேரா இறக்குங்க. ஷாஃப்டை விடும்போது ஒருத்தர் வெளியே தூக்கிப் பிடிச்சுக்கணும், இன்னொருத்தர் வழி காட்டணும். ஸ்பிளைன் சீலைத் தாண்டுற வரைக்கும் பேச்சு வேண்டாம். பேக் பிளேட்டுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவுல சீலண்ட் தடவ மறக்காதீங்க.

ஊறின ஷூவைப் பெட்ரோல்ல கழுவி, நெருப்புல வாட்டி மறுபடி போடுற பழக்கம் நம்ம ஊர்ல உண்டு. லைனிங்குக்குள்ளே போன ஆயில் சூடாச்சுன்னா திரும்ப வெளியே வரும். நீங்க புதுசு வாங்கினது சரி, ரெண்டு பக்கமும் மாத்துறதும் சரி. கடைசியா பிரேக்ல ஏர் எடுங்க.

ஆயில், ரெண்டு சக்கரமும் தரையில நின்ன பிறகுதான். லெவல் ஓட்டை விளிம்புல வழியிற வரைக்கும். ஒரு பக்கம் தூக்கி வச்சுட்டே ஊத்தினா மட்டம் பொய் சொல்லும்.

புது ஓனர், திருச்சி:

எனக்கு வீல் சிலிண்டர்தான் சார். தண்ணியில கரைஞ்சுது. நன்றி.

வால்பாறை வண்டிக்காரன்:

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன். வேணும்னேதான் காத்திருந்தேன், பதினெட்டு நாளைத் தாண்டட்டும்னு.

ஷாஃப்ட் நாலு இழுப்புல வரலை, பதினொண்ணு. மச்சானுக்குத் தோள் பிடிச்சுக்கிச்சு. பேரிங்கைக் கழட்டிக் கையில வச்சு உருட்டினா அரிசியில கல்லு மாதிரி நறநறங்குது. பிரஸ்காரர் பழைய வளையத்தைக் காட்டி "இதே நல்லாத்தான் சார் இருக்கு"ன்னார். வாத்தியார் சொன்னதை நினைச்சுக்கிட்டுப் பேசாம புது வளையத்தை எடுத்து மேஜை மேலே வச்சேன்.

ஒன்றரை லிட்டர் ஆயில் பிடிச்சது. மன்னார் அண்ணன் சொன்ன மாதிரி பிரீதருக்குக் குழாய் போட்டு மேலே தூக்கிக் கட்டிட்டேன். நேத்து ஓடையில இறக்கி ஏத்தி, வீட்டுக்கு வந்து பிளக்கைத் திறந்தேன். ஆயில் தேன் நிறத்துல அப்படியே இருக்கு. ரெண்டு டிரம்முக்குள்ளேயும் புது ஷூவோட தூசியைத் தவிர வேற ஒண்ணும் இல்லை. பிரேக் நேராப் பிடிக்குது. அம்மா முன் சீட்டுல உக்காந்து ஆழியார் வரை வந்தாங்க.

மெக்கானிக்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் அங்கே நின்ன இன்னொரு ஜிப்ஸிக்கு அடியில படுத்து, தொப்பியைச் சுத்திப் பார்த்துட்டு வந்தார்.

ஏலக்காய் ஜீப் (தேனி):

அந்த ஜிப்ஸியில சுத்துச்சா?

வால்பாறை வண்டிக்காரன்:

சுத்தலை.